சம்பந்தி வீட்டுப் படையலும் என் ஊசியும்

தீபாவளிக்கு மலேசியா போகிறேன் என்று சொன்னதும் என் மகள் மதி மிரட்டல் விட்டாள். "தாராளமா போய்ட்டு வா. ஆனா அங்க உனக்கு சுகர் ஏறியோ இறங்கியோ ஏதாவது ஆச்சுன்னா, அதோட கரூர் வீட்டப் பூட்டிட்டு என்கூட சிங்கப்பூர் வந்துடணும். பேச்சு மாறக் கூடாது." நான் அறுபத்து மூன்று வயதுக்காரி. தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து, ஒட்டுவதற்குப் பசை கேட்பவர்களையும் எழுதுவதற்குப் பேனா கேட்பவர்களையும் பணிக்காலம் முழுக்கச் சமாளித்தவள். பதினோரு வருடமாக இன்சுலின் ஊசியை நானே போட்டுக்கொள்கிறவள். "சரி, ஒத்துக்கறேன்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் வாக்கு கொடுத்தது கொடுத்ததுதான்.

மதியின் கணவர் குமரன் மலேசியாக்காரர். இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. குமரனின் அம்மா பார்வதி, நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ் என்ற சிற்றூரில் தனியாக இருக்கிறார். என்னைப் போலவே கணவரை இழந்தவர். கல்யாணத்துக்குக் கரூர் வந்தபோது, "ஒரு பெருநாளைக்காச்சும் எங்க ஊருக்கு வாங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மூன்று வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். இந்த முறை நான் நாலு நாள் முன்னாலேயே போவதென்றும், மகளும் மருமகனும் தீபாவளிக்கு முதல் நாள் காரில் வந்து சேர்ந்துகொள்வதென்றும் ஏற்பாடு.

எங்கள் ஊர் டாக்டர் இழுத்தார். "பண்டிகைக் காலத்துல பயணம் வேண்டாமேம்மா" என்றார். பண்டிகை வருடா வருடம் வரும், நானும் வருடா வருடம் இருப்பேன் என்று எழுதிக் கொடுங்கள், அடுத்த வருடம் போகிறேன் என்றேன். மருந்துச் சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

விமான நிலையத்திலிருந்து சிரம்பானுக்குப் பேருந்தில் போனேன். டாக்ஸி பிடித்துக்கொள் என்று மதி நூறு தடவை சொல்லியிருந்தாள். பேருந்து அருமையாகத்தான் போனது, நீலாய் தாண்டும்வரை. அங்கே பின்பக்கத்திலிருந்து புகை வந்து, ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். மாற்று வண்டி வரும், பொறுங்கள் என்று அவர் மலாயில் சொன்னதை முன்னிருக்கைத் தமிழர் ஒருவர் எனக்குச் சொன்னார். வெளியே வானம் இருண்டு, கரூரில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழை கால் மணி நேரத்தில் கொட்டியது.

சாப்பாட்டு நேரம் தவறுவது தெரிந்ததும் பையிலிருந்து பொட்டுக்கடலையை எடுத்தேன். பக்கத்து இருக்கையில் என் வயதில் ஒரு சீன அம்மாள். என் மடியிலிருந்த பேனா ஊசியையும் குளிர்ப் பையையும் பார்த்தார். தன் கைப்பையைத் திறந்து, அதேபோல ஒரு பேனா ஊசியை எடுத்துக் காட்டினார். "கெஞ்சிங் மானிஸ்" என்றார். எனக்கு மலாய் தெரியாது, ஆனால் அது என்ன நோய் என்று விளங்க மொழி தேவைப்படவில்லை. அவருக்குப் பாதிப் பொட்டுக்கடலை கொடுத்தேன். அவர் எனக்கு உப்புப் பிஸ்கட் கொடுத்தார். மாற்று வண்டி வரும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மென்றோம்.

சிரம்பான் பேருந்து நிலையத்தில் பார்வதி குடையோடு நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, கெட்டியான குரல். சின்ன வயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் பால் எடுத்தவர், பிறகு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "பசியாறிட்டீங்களா சம்பந்தி?" என்பதுதான் முதல் கேள்வி. இங்கே காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்கிறார்கள். மணி இரண்டாகியும் அதைத்தான் கேட்டார். தெமியாங் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப் போனார்.

தோசை நன்றாக இருந்தது. காப்பி வந்தபோதுதான் வம்பு. கண்ணாடிக் குவளையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கெட்டிப் பால் படிந்து கிடந்தது. நான் குவளையைத் திருப்பி அனுப்பினேன். பார்வதி சிரித்துக்கொண்டே, "கோப்பி ஓ கோசோங்" என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தார். பாலும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் கடுங்காப்பி. நான் சத்தமாகக் கேட்டேன். கடைக்காரர் தமிழர்தான். "கோசோங்கா? பெருநாள் நேரத்துலயா?" என்றார், நான் ஏதோ துக்க வீட்டிலிருந்து வந்ததுபோல. "ஆமாம், பெருநாள் நேரத்துலதான்" என்றேன். அந்தச் சொல்லை அன்றே மனப்பாடம் செய்துகொண்டேன்.

பார்வதியின் வீடு ரந்தாவில் ஒரு தாமானில் இருக்கிறது. தாமான் என்றால் வரிசை வீட்டுக் குடியிருப்பு. கீழே கூடமும் சமையலறையும், மாடியில் இரண்டு அறைகள். எனக்கு மாடி அறை. கூடத்துச் சுவரில் அவருடைய கணவர் மாணிக்கத்தின் படம், பூ போட்டு மாட்டியிருந்தது. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். "அவருக்கும் இனிப்பு நீருதான் சம்பந்தி. மொதல்ல வெரலு, அப்புறம் பாதம், கடைசியில கிட்னி" என்றார் பார்வதி. சுகரை இங்கே இனிப்பு நீர் என்கிறார்கள். அதைச் சொன்ன வேகத்திலேயே என் முன்னால் ஒரு தட்டு அதிரசத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

நான் ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியைத் தின்றேன். மறு பாதியைத் தட்டிலேயே வைத்தேன். அவர் முகம் சுருங்கியது. இந்த இடத்தில் என் கொள்கையைச் சொல்லிவிடுகிறேன். நான் இனிப்பை அறவே ஒதுக்குகிறவள் இல்லை. எதை எவ்வளவு தின்பது என்று நான் முடிவு செய்வேன். தின்னாதே என்று மகளும் சொல்ல வேண்டாம், தின்னுங்கள் என்று சம்பந்தியும் சொல்ல வேண்டாம். இந்த வயதில் எனக்கென்று மிச்சம் இருக்கிற அதிகாரம் அதுதான்.

இரவு மதி வீடியோவில் வந்தாள். "மீட்டரக் காட்டு." காட்டினேன். நல்ல எண்தான். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூட எனக்குத் தோன்றியது. அது என் கெட்ட புத்தியாக இருக்கலாம்.

மறுநாள் பார்வதி தான் பிறந்த தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போனார். பக்கத்து வீட்டு ராணி காரோட்டினார். ராணிக்கு நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாத பெண். வழியெல்லாம் செம்பனை. ஒரு காலத்தில் இதெல்லாம் ரப்பர் என்றார் பார்வதி. தோட்டச் சாலையில் ஒரு குலை லாரி பின்சக்கரம் சேற்றில் இறங்கிக் குறுக்கே நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். கரூரில் இப்படி லாரி குறுக்கே நின்றால் நாலு பேர் அறிவுரை சொல்வார்கள், இரண்டு பேர் படம் எடுப்பார்கள். இங்கே இந்தோனேசியத் தொழிலாளிகள் நாலைந்து பேர் பலகையும் கல்லும் கொண்டுவந்து பேசாமல் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களைக் காட்டி ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று ராணியிடம் கேட்டேன். "தீபாவளிப் புடவை சேறாகுது, தூக்கிப் பிடிக்கச் சொல்லு" என்றாராம்.

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இப்போது ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள்தான். நாலு வீடு ஏறி இறங்கி, கடைசியாகப் பார்வதியோடு கூடப் பிறக்காத குறையாக வளர்ந்த லெட்சுமி வீட்டுக்குப் போனோம். எங்களைக் கண்டதும் ஓடிப்போய் மூன்று குவளை நிறைய சிராப் கொண்டுவந்தார். ரோஜா நிறத்தில், ஐஸ் போட்ட இனிப்புத் தண்ணீர். வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதுதான் இங்கே முறை, குடிப்பதும் முறை. நான் கும்பிட்டு, வெறும் தண்ணீர் போதும் என்றேன்.

"ஒரு நாள்தானேலா! ஒன்னும் ஆவாது" என்றார் லெட்சுமி. இங்கே பேச்சோடு ஒரு 'லா' ஒட்டிக்கொண்டே வரும்.

"ஒரு நாள் இல்லீங்க. காலைல இருந்து நாலு வீட்ல இதையேதான் சொன்னாங்க."

லெட்சுமி சிரித்தார். பார்வதி சிரிக்கவில்லை. திரும்பும்போது காரில் அவர் குரல் இறங்கியிருந்தது. "தோட்டத்து சனம் சம்பந்தி. ஊர்லேர்ந்து வந்தவங்க நம்ம வீட்ல கை நனைக்கலன்னு மனசுல வச்சுக்கும். ஒரு வாயி குடிச்சிருக்கலாம்."

"நான் முறுக்குத் தின்னேன், தண்ணி குடிச்சேன், அவங்க கோழிக் கறிய ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன். இது கை நனைக்கறது இல்லையா?"

ராணி பாட்டை வைத்தார். அன்று மாலைவரை எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் குறைவுதான். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் அந்தச் சிராப்பைக் குடித்திருக்கலாமே என்று மட்டும் தோன்றவில்லை.

அடுத்த நாள் அவராகவே, "வாங்க, கடலப் பாத்துட்டு வருவோம்" என்று போர்டிக்சனுக்குப் பேருந்து ஏற்றினார். சமாதானக் கொடி என்று புரிந்துகொண்டேன். மணலில் ஒரு மணி நேரம் நடந்தேன், அவரும் கூடவே நடந்தார். மதி என்ன நிபந்தனை போட்டிருக்கிறாள் என்பதை அங்கேதான் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். "எம்மவனும் அதத்தான் சொல்றான் சம்பந்தி. வீட்ட வாடகைக்கு வுட்டுட்டு வந்துருங்கன்னு. அவன் வீடு பதினெட்டாவது மாடிலா! நான் கீழ பாத்தாலே கிறுகிறுங்குது." இரண்டு பேரும் ஒரே சிறைக்குக் காத்திருக்கிற கைதிகள் என்று தெரிந்ததும் பேச்சு பழையபடி ஆகிவிட்டது.

தீபாவளிக்கு முதல் நாள் படையல். எங்கள் பக்கம் இதை அமாவாசையோடு சேர்த்துச் சைவமாக முடித்துக்கொள்வோம். இங்கே இது பெரிய காரியம். இறந்துபோனவர்களுக்கு அவர்கள் உயிரோடு இருந்தபோது எது பிடித்ததோ அதையெல்லாம் சமைத்து வைக்கிறார்கள். ஆட்டு இறைச்சி, மீன் பொரியல், முட்டை, பலகாரம், ஒரு புட்டி பீர். மாணிக்கத்தின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, பக்கத்தில் மடித்த புது வேட்டி. எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிய குவளை நிறைய சிராப். "உசுரோட இருந்த கடைசி நாலு வருசம் நான் இத அவரு கண்ணுலயே காட்டல. இப்ப குடிக்கட்டும்" என்றார் பார்வதி.

விதி ஒன்றே ஒன்று. மூத்தவர்களுக்குப் படைத்து முடியும்வரை அந்த அடுப்பில் சமைத்ததை யாரும் தொடக் கூடாது. சமைக்கிறவர் உப்புக்கூட ருசி பார்க்க மாட்டார். எனக்குக் காலையில் பார்வதி வெளியிலிருந்து தோசை வாங்கிக் கொடுத்துவிட்டார், அதற்குரிய ஊசியைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டேன். ஒரு மணிக்குப் படையல், குமரன் வந்து சூடம் காட்டியதும் சாப்பாடு என்பது திட்டம். அவர்கள் விடிகாலையில் கிளம்பிவிட்டார்கள். ஆனால் சிங்கப்பூரில் இருக்கிற மலேசியத் தமிழர் அத்தனை பேரும் அதே விடிகாலையில்தான் கிளம்பியிருந்தார்கள்.

பன்னிரண்டரைக்குக் குமரன் தொலைபேசியில் பேசினார். "ரோட்டு ஜேம் வுட்டுருச்சும்மா. இன்னும் இருபது நிமிசம்." அதைக் கேட்டு மாடிக்குப் போய் மத்தியான ஊசியைப் போட்டுக்கொண்டேன். என் ஊசி சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியது. கணக்குச் சரி. மகன்கள் வழியிலிருந்து சொல்லும் இருபது நிமிடத்தை நம்பியதுதான் தப்பு. அவர் சொன்னபோது இன்னும் மூன்று மணி நேரப் பயணம் மிச்சம் இருந்தது. அம்மா பசியோடு காத்திருப்பாரே என்று குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

ஒன்றரைக்கு எனக்குப் பசித்தது. ஒன்றே முக்காலுக்கு வேர்த்தது. மின்விசிறிக்கு நேராகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுகர் இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குளுக்கோஸ் வைத்திருந்த கைப்பை மாடியில். படி ஏற முடியுமா என்று எழுந்து பார்த்தேன், முழங்கால் ஆடியது. பார்வதியும் ராணியும் வாசல் கேட்டில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்க இனிப்பு. ஒன்றைக் கேட்டால் ஓடிவந்து ஒன்பது கொடுப்பார்கள். நான் கேட்கவில்லை. மூன்று நாளாக வேண்டாம் வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னவள், இன்றைக்குப் போய், அதுவும் படைப்பதற்கு முன்னால், எப்படிக் கேட்பது? அந்தக் கூச்சத்தில் ஒரு பத்து நிமிடம் மரியாதையாக உட்கார்ந்திருந்தேன். இந்தப் பயணத்தில் நான் செய்த உண்மையான முட்டாள்தனம் அந்தப் பத்து நிமிடம்தான்.

பிறகு சுவரிலிருந்த படம் இரண்டாகத் தெரிந்தது. உயிர் போகிற நேரத்தில் என்ன வெட்கம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். சுவரைப் பிடித்து இரண்டு அடி வைத்து, மண்டியிட்டு, மாணிக்கத்தின் சிராப்பை இரண்டு கையாலும் எடுத்து மடமடவென்று குடித்தேன்.

ராணிதான் முதலில் பார்த்தார். "ஐயோ, படையலத் தொட்டுட்டாங்களே!" என்று கத்தினார். பார்வதி ஓடிவந்தார். நான் காலிக் குவளையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். "சுகர் இறங்கிடுச்சு சம்பந்தி. மன்னிச்சிருங்க" என்று சொல்ல நாக்கு குழறியது. அவர் என் நெற்றியைத் தொட்டார். கை முழுக்க வேர்வை ஒட்டியது.

"மன்னிப்பு என்னா மன்னிப்பு. குடிச்சு முடிங்க. அவருக்குத் தெரியும்" என்றார். ராணியை மாடிக்கு அனுப்பி என் பையை எடுத்துவரச் சொன்னார். மீட்டரில் ஐம்பத்து நாலு காட்டியது. சிராப் உள்ளே போன பிறகே அந்த எண்.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. மறுபடியும் பார்த்தேன், தொண்ணூறைத் தாண்டியிருந்தது. பார்வதி என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்தபடி பேசினார். "அவரும் ஒரு படையல் அன்னிக்கு இப்புடித்தான் ஒக்காந்திருந்தாரு. ஊசி போட்டுட்டேன், பசிக்குதுன்னாரு. ஒங்க அம்மாவுக்குப் படைக்காம நீங்க எப்புடி சாப்புடுவீங்கன்னு நாந்தான் ஒக்கார வச்சேன். எந்திரிக்கறப்ப வுழுந்து இடுப்பு ஒடஞ்சிருச்சு. அதுக்கப்புறம் லாரியே ஓட்டல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். புதுச் சிராப் கலந்து படத்துக்கு முன்னால் வைத்தார். சூடத்தட்டை எடுத்தார்.

"தம்பி வரட்டும்கா. ஆம்பளப் பிள்ளதான காட்டணும்?" என்றார் ராணி.

"இவங்க இப்ப சாப்புடணும். அவன் வர்ற நேரத்துக்கு வரட்டும். பொண்டாட்டி காட்டுனா அவரு வேண்டாம்னு சொல்லுவாராலா?"

பார்வதியே சூடம் ஏற்றிக் காட்டினார். நானும் கும்பிட்டேன். பிறகு இலை போட்டு, சோறும் ஆட்டுக் கறியும் எனக்குத்தான் முதலில் பரிமாறினார். அப்படி ஒரு கறியை நான் அதற்கு முன்னால் தின்றதில்லை.

மூன்றரைக்குக் கார் வந்தது. மதி இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். குமரன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். எரிந்து முடிந்த சூடத்தையும், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையும் பார்த்தார். "எனக்காகக் காத்திருக்கலையாம்மா?" என்றார். குரல் உடைந்திருந்தது. அப்பாவுக்குச் சூடம் காட்டத்தான் அவர் அவ்வளவு நெரிசலில் வந்திருக்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பார்வதி முந்திக்கொண்டார். "எனக்குத்தாண்டா தல சுத்திருச்சு. பசி தாங்கல. அதான் நானே காட்டிட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் திரும்பினார். எனக்காகச் சொன்ன பொய். எனக்கு ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கரூர் வீடு பிழைத்தது என்று நினைத்தேன்.

ஆனால் குமரன் விடவில்லை. "இதுக்குத்தாம்மா சொல்றேன், தனியா இருக்காதீங்கன்னு! நாளைக்கு யாரும் இல்லாதப்ப வுழுந்தா? போதும். இந்த வருசத்தோட இந்த வீட்ட வாடகைக்கு வுடறோம். நீங்க எங்ககூட வர்றீங்க." மதியும், "ஆமா அத்தை, இதுக்கு மேல உங்களத் தனியா விட முடியாது" என்றாள். பார்வதி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகல மாப்பிள்ளை" என்றேன். "எனக்குத்தான் சுகர் இறங்குச்சு. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம உட்கார்ந்திருந்தேன். உங்கப்பாவுக்கு வச்ச சிராப்ப எடுத்துக் குடிச்சேன். எனக்காகத்தான் உங்கம்மா சூடம் காட்டினாங்க."

மதி மீட்டரைக் கேட்டாள். கொடுத்தேன். அதில் பழைய எண்கள் எல்லாம் இருக்கும். ஐம்பத்து நாலைப் பார்த்ததும் அவள் உதடு நடுங்கியது. பிறகு ஒரு அதிகாரியின் குரலில், "பேச்சு பேச்சுதாம்மா. பொங்கலுக்குள்ள கரூர் வீட்டக் காலி பண்ணணும்" என்றாள்.

"நான் வரல."

"நீ வாக்குக் குடுத்த."

"குடுத்தேன். இப்ப மீறுறேன். எங்கம்மா பேச்சு மாறினவன்னு யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோ."

"விழுந்திருந்தா?"

"விழல. எனக்கு என்ன ஆகுதுன்னு எனக்கே தெரிஞ்சுது. என்ன செய்யணும்னும் தெரிஞ்சுது. கொஞ்சம் வெட்கப்பட்டேன், அதுதான் தப்பு, அத இனிமே பட மாட்டேன். ஏண்டி, நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனா நான் அந்தப் பதினெட்டாவது மாடியிலயும் தனியாத்தான இருக்கணும்? கரூர்ல நான் ஜன்னல்ல நின்னு கூப்பிட்டா தெருவே வரும். அங்க யாரு வருவா?"

அவள் மாடிக்குப் போய்விட்டாள். குமரன் தானும் ஒரு சூடம் ஏற்றி அப்பாவுக்குக் காட்டிவிட்டு, அம்மாவிடம் போய், "சோறு போடுங்கம்மா" என்றார்.

தீபாவளி அன்று எண்ணெய்க் குளியல், புதுப்புடவை எல்லாம் ஆயிற்று. மதி என்னோடு பேசவில்லை. ஆனால் இங்கே தீபாவளிக்கு வீட்டைத் திறந்து வைத்துவிடுகிறார்கள், மலாய்க்காரர், சீனர், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தக் கூட்டத்தில் ஒரு தாயும் மகளும் பேசிக்கொள்ளாதது யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு மலாய் மூதாட்டி தன் கணவரிடம் ஏதோ கடுகடுத்தார். குமரன் சிரித்தபடி எனக்குச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லி மூணாவது லட்டை எடுக்குறீங்க, எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

பார்வதி யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். சிராப் குடத்துக்குப் பக்கத்தில், சீனி போடாத தேநீரை ஐஸ் போட்டு இன்னொரு குடத்தில் வைத்திருந்தார். அதைத்தான் எல்லாரும் முதலில் காலி செய்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த லெட்சுமி மூன்று குவளை குடித்தார். என் காதருகே குனிந்து, "எனக்கும் இருக்குலா. ரெண்டு வருசமா மாத்திர. பெருநாள் வாரத்துல மட்டும் நிறுத்திருவேன், பலகாரம் சாப்புடணும்ல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பாதி அதிரசம் தின்கிற கலையைச் சொல்லிக்கொடுத்தேன். மாத்திரையைப் போட்ட பிறகுதான் அந்தப் பாதியும் என்று சத்தியம் வாங்கினேன். எங்கள் இருவரையும் மதி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்துக்கு அவளே காரோட்டினாள். அவளும் நானும் மட்டும். பார்வதி வாசலில் நின்று, "அடுத்த வருசம் ஒரு மணிக்கெல்லாம் சூடம் காட்டிருவோம் சம்பந்தி, ஆரு வந்தாலும் வராட்டியும்" என்று கையசைத்தார். வழியில் மழை. மதி கண்ணாடி துடைப்பானைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். வண்டியை நிறுத்திய பிறகும் சாவியை எடுக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள். இரண்டு நாளில் அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். "போன் அடிச்சு நீ எடுக்கலன்னா, ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைக்கறேன். உனக்கு அது தெரியுமா?"

தெரியாது. உண்மையிலேயே தெரியாது. அதுவரை அவள் அதிகாரம் செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நிமிடம் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் சின்னப் பிள்ளையாகச் சிரித்திருப்பாள். சொல்லலாமா என்றுகூட வாய்வரை வந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மதி" என்றேன். "தினமும் ஊசி போடறப்ப பயம்தான். ஆனா நான் என் வீட்ல இருந்துக்கிட்டே பயந்துக்கறேன்."

அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு இறங்கிப் போய், என் பெட்டிக்கு ஒரு தள்ளுவண்டி பிடித்துக்கொண்டு வந்தாள்.